குட்டி மின்னல் பஸ் ஓட்டிய கதை

தலைமை நாற்காலியைத் தம் நேர்மையால் நிறைத்து, தம் கைக்கடிகாரத்தால் எங்களை நடுங்க வைத்து வீற்றிருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே! ஊரையெல்லாம் சுமந்து ஓடி ஓய்ந்த பின்னும் காற்று இறங்காத சக்கரங்களாய் முன்வரிசையில் நிமிர்ந்திருக்கும் மூத்தோரே! விடியுமுன் வீட்டையும் விடிந்தபின் ஊரையும் நகர்த்துகின்ற தாய்மார்களே! வாயில் வசையை அடக்கி, காலில் பிரேக்கை அடக்கி, வாழ்நாளெல்லாம் பொறுமையை ஓட்டிப் பழகிய ஓட்டுநர் தோழர்களே! சில்லறை இல்லாவிட்டாலும் சிரிப்பு இருக்கிறது என்று வாழும் நடத்துனர் சொந்தங்களே! வண்டியின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொண்டே வையத்தை வாழவைக்கும் பழுதுபார்க்கும் தம்பிகளே! கூட்டம் முடிந்ததும் என்ன தின்னக் கொடுப்பார்கள் என்ற ஒற்றைக் கேள்வியோடு கடைசி வரிசையில் கால் மாற்றி நிற்கும் பெருமக்களே! உங்கள் அனைவரையும் பல்லாண்டு காலம் ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்று விரட்டிய இந்தக் குரல், இன்று முதன்முறையாக ‘வாங்க, வாங்க’ என்று வணங்கி வரவேற்கிறது!

என்ன தம்பி சொன்னாய்? “அக்கா, மைக்கே வேண்டாம், அடுத்த ஊருக்கே கேக்குது” என்கிறாயா? கேட்கட்டும்! அடுத்த ஊருக்கும் கேட்கவேண்டிய கதைதான் இது!

அன்பு நெஞ்சங்களே! ‘மாமியார் மெச்சிய மருமகளும் இல்லை, மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை’ என்று ஒரு பழமொழி உண்டு. எத்தனை வீட்டுச் சமையலறையில் வெந்து, எத்தனை பேர் கண்ணீரில் உப்புப் போட்டு எடுத்த பழமொழி அது! அந்தப் பழமொழியின் முதல் பாதியை இன்று இந்த மேடையில், மேலாளர் முன்னிலையில், முறித்துப்போட வந்திருக்கிறேன். அடுத்த பாதியை முறிப்பது அவள் பொறுப்பு. அவசரமில்லை, மெதுவாக முறிக்கட்டும்!

என் மருமகளை உங்களுக்குத் தெரியும். ரயில்வே கேட் வழியாகப் போகும் பேருந்தை ஓட்டுகிறவள். ஓய்வு பெறும்வரை அதே பேருந்தில் நான் நடத்துனர். எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் போட்டவர் யார்? இதோ, இப்போது தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாரே, இந்த மேலாளர்தான்! விளையாட்டுக்குச் செய்தாராம். ஐயா, விளையாட்டாகத் தீக்குச்சியைக் கிழிக்கலாமா? ஆனால் உண்மையைச் சொல்கிறேன் தாய்மார்களே, அந்தப் பாக்கியம் உங்களில் யாருக்குக் கிடைக்கும்? நான் ஒரு விசில் அடித்தால் மருமகள் நிற்பாள். இரண்டு விசில் அடித்தால் கிளம்புவாள். வீட்டிலும் ஒரு விசிலை மாட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். என் மகன்தான், “அம்மா, அது பஸ்ஸுக்கு மட்டும்தாம்மா” என்று பிடுங்கி வைத்துவிட்டான்.

அந்த மருமகள்தான் ஒரு காலத்தில் இந்த நாடே தூக்கிக் கொண்டாடிய ‘குட்டி மின்னல்’! ஆம்! அதே குட்டி மின்னல்! கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், கதை இனிமேல்தான் ஆரம்பம்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கேசட் காலம் அது. அவளுடைய அப்பா ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மைக்செட்காரர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகளையும் கூட்டங்களுக்கு அழைத்துப் போவார். ஒருநாள் ஒரு விழாவில் அவர் மேலே ஏறிக் குழாயைக் கட்டிக்கொண்டிருக்க, கீழே மைக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை மகளுக்கு. ‘ஒன், டூ, த்ரீ’ என்று சொல்லவேண்டிய இடத்தில் அந்தக் குழந்தை அதையே மெட்டுப் போட்டுப் பாடியது! விழாவுக்கு வந்திருந்த ஒரு கேசட் கம்பெனிக்காரர், கையில் இருந்த சோடாவைக் குடிக்க மறந்து நின்றார். “யாருய்யா இந்தப் பொண்ணு? எண்ணுறதையே பாட்டாக்குதே!” என்றார்.

அவ்வளவுதான். வந்தது பாட்டு! உங்களில் யாருக்கு அது தெரியாது?

டிங்கு டிங்கு மின்னலு – என்
சட்டைப் பையில் ஜன்னலு!
ஜன்னலுக்குள் நிலாவு – அது
ஜாலியாக உலாவு!

என்ன பொருள் என்று கேட்காதீர்கள். பொருள் இருந்திருந்தால் இவ்வளவு புகழ் பெற்றிருக்காது! முன்பல் விழுந்த ஓட்டை வாயும், இரட்டைப் பின்னலுமாய் அவள் படம் அச்சாகாத பென்சில் டப்பா உண்டா? அந்தப் பாட்டு ஒலிக்காத தேநீர்க் கடை உண்டா? அப்போது நான் பணியில் சேர்ந்த புதிது. எங்கள் பேருந்தில் காலை முதல் மாலை வரை அந்த ஒரே கேசட்! பயணிகளிடம் ‘எங்கே போகணும்’ என்று கேட்டால், ‘டிங்கு டிங்கு’ என்பார்கள். ஊரே பைத்தியம்! ஊரோடு ஒத்து நானும் பைத்தியம்!

ஆனால் அன்பர்களே, மேடையில் மின்னியது உங்களுக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் என்ன நடந்தது? குழந்தை என்றால் வளராதா? பல் விழுந்தால் முளைக்காதா? முளைத்தது! முத்துப்போல் முளைத்தது! பெற்றவர் மகிழ்ந்தார், கம்பெனி மகிழவில்லை. ஓட்டைப் பல்தானே விற்கிறது? அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அந்த முளைத்த பல்லின் மேல் கறுப்பு மை தடவினார்கள். “பிஸ்கட் தின்னாத, மை போயிடும். தண்ணி குடிக்காத, மை போயிடும். பல்லைக் காட்டிச் சிரி, ஆனா நாக்கு படாமச் சிரி!” இப்படி ஒரு சிரிப்பை உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்?

வயதும் அப்படித்தான். அவளுக்கு ஒன்பதாம் பிறந்தநாள் மூன்று முறை வந்தது! கேக்கும் வந்தது, பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். ஒன்பது மட்டும் போகவே இல்லை. உயரம் தெரியக்கூடாது என்று பக்கவாத்தியக்காரர்களை எல்லாம் நெட்டையாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். கிடார் வாசித்தவர் நிலைவாசலில் குனிந்து நுழைகிற உயரம். நல்ல வாசிப்பா என்று யாரும் கேட்கவில்லை, நல்ல உயரமா என்றுதான் கேட்டார்கள்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சொல்லும்போது அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் நாக்கால் ஒருமுறை முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்வாள், மை இருக்கிறதா என்று!

பதின்மூன்று வயதில் ஒரு பெரிய மைதானத்தில் நிகழ்ச்சி. கடல் போல் கூட்டம். பாட்டின் உச்சியில், ‘நிலாவு’ என்று மேலே ஏறும் இடத்தில், குரல் ஏறவில்லை. தகரத்தில் ஆணி இழுத்தது போல் கீறிக்கொண்டு உடைந்தது. பிறகு எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? நிகழ்ச்சியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, பழைய கேசட்டைப் போடச் சொன்னார்!

யோசித்துப் பாருங்கள் தாய்மார்களே! மேடையில் ஒரு பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறது. கண்ணில் தண்ணீர் வழிகிறது. அவளுடைய சின்ன வயதுக் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் குதித்துக் கும்மாளமிட்டுப் பாடிக்கொண்டே இருக்கிறது! தன் குரலே தன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அவள் கேட்டாள்.

அந்த நேரத்தில் ஓடி வந்தார் ஒரு மனிதர். மைக்செட்கார அப்பா! எந்தக் கம்பி எதற்கு என்று பார்க்கவில்லை, மொத்தத்தையும் பிடுங்கினார். பாட்டு நின்றது. விளக்குகளும் நின்றன. மைதானமே இருண்டது. அந்த இருட்டில், தோள் அளவு வளர்ந்த மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். “போதும்டா தங்கம். இனி நீ வளரலாம்” என்றாராம். ஆஹா! ஒரு தகப்பன் மகளுக்குத் தரக்கூடிய வரம் இதைவிட வேறென்ன இருக்க முடியும்? இனி நீ வளரலாம்!

(ஆமாம் அம்மா, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நான் நிறுத்தி நிற்கிறேன். கண்டக்டர்தானே, எல்லோரும் ஏறின பிறகுதான் விசில்.)

வளர்ந்தாள். ஆனால் கம்பெனி காத்திருக்குமா? பெயர் அவர்களுடையதாம். அடுத்த கேசட்டில் வேறொரு சின்னப் பெண், அதே இரட்டைப் பின்னல், அதே ஓட்டைப் பல், அதே குட்டி மின்னல்! புதிய பள்ளியில் என் மருமகளின் பக்கத்து இருக்கைப் பிள்ளை ஒரு பென்சில் டப்பாவை எடுத்து வைத்தாள். மேலே அவளுடைய பெயர், கீழே வேறொருத்தியின் முகம். அன்றோடு பாட்டை விட்டாள். ‘உம்’ என்று ஒரு முணுமுணுப்புக்கூடக் கிடையாது. வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ என்பதையும் கை தூக்கித்தான் சொல்வாளாம்.

பிறகு ஏன் பேருந்து ஓட்ட வந்தாள் என்று ஒருநாள் கேட்டேன். அவள் சொன்ன பதில் இது. “அத்தை, பஸ்ல ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’னு ஒரு போர்டு மாட்டி வச்சிருக்காங்கல்ல? அதைப் பார்த்ததுமே இதுதான் நம்ம வேலைன்னு முடிவு பண்ணிட்டேன்.”

ஓட்டுநர் தேர்வுக்குக் கண்ணாடி வாங்க ஒரு கடைக்குப் போனாள். அந்தக் கடையில் கண் பரிசோதிப்பவன் என் மகன். ‘எழுத்து தெரியுதா, எழுத்து தெரியுதா’ என்று கேட்டுக் கேட்டே கல்யாணத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அவள் தன் கதையை அவனிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். அவனும் வாயைத் தைத்துக்கொண்டான். பத்து மாதம் சுமந்தவளிடம் மறைத்தான் பாருங்கள்! இங்கேதான் எங்கோ ஒளிந்து உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது என் நிலைமையை யோசியுங்கள். எனக்குப் பாடும் வியாதி உண்டு. சுருதியும் நானும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, ஆனாலும் பாடுவேன். பாத்திரம் துலக்கினால் பாட்டு, துணி மடித்தால் பாட்டு. என்ன பாட்டு? வேறென்ன? டிங்கு டிங்கு மின்னலு! நான் தொடங்கியதும் மருமகள் கையிலுள்ள தட்டை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். ஒருநாள் மெல்லக் கேட்டாள். “அத்தை, அந்தப் பாட்டு மட்டும் வேண்டாமே.”

என் வீட்டில், என் அடுக்களையில், என் தொண்டைக்குத் தடையா? விடுவேனா? அன்று முதல் இரண்டு மடங்கு சத்தத்தில் பாடினேன்! அவள் மொட்டைமாடிக்கே குடியேறினாள். ஒரு மாலை மகன் வந்து தலையைச் சொறிந்தான். “அம்மா… வேற வீடு பாத்திருக்கோம். ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்தணும்.” அட்டைப்பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. அவற்றின் ஊடே நடக்கும்போதுகூட நான் பாடினேன், அழுகை வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

அந்த ஞாயிறு வருவதற்கு முன்னால்தான் அன்பர்களே, அந்த நாள் வந்தது!

மதிய நேரம். ரயில்வே கேட் மூடியிருக்கிறது. எங்கள் பேருந்து முன்னால் நிற்கிறது. சரக்கு ரயில், இல்லையா, அதற்கு அவசரம் என்பதே அகராதியில் கிடையாது. நான் சீட்டுக் கிழித்துக்கொண்டே வழக்கம்போல் பாடுகிறேன். கைநிறையத் துணிப்பைகளோடு ஏறியிருந்த ஒரு பெண், குழந்தைகள் துணிக்கடை வைத்திருப்பவள், என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, மன்னிச்சுக்குங்க. சுருதி ரொம்பத் தப்புது. அது என் பாட்டு, அதான் கேக்க முடியல.”

“உன் பாட்டா? நீ யாரும்மா?”

“நான்தாங்கக்கா குட்டி மின்னல்.”

பேருந்தே எழுந்து நின்றது! ஜன்னலோரம் தூங்கியவர் விழித்தார். விழித்திருந்தவர் கை குலுக்க ஓடி வந்தார். நானோ, சீட்டுப் புத்தகம் கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் நிற்கிறேன். அப்போது என்ஜின் நின்றது. ஒருநாளும் திரும்பிப் பார்க்காத என் ஓட்டுநர், இருக்கையிலிருந்து எழுந்து, முழுசாய்த் திரும்பி, சொன்னாள்.

“பொய். குட்டி மின்னல் நான்.”

கேட்டீர்களா? என் மருமகள்! இரண்டு ஆண்டாய் எனக்குச் சோறு போட்டவள்! மடியில் தையல் இயந்திரத்தின் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தையல்காரர் தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டார். “சண்டை வேண்டாம். ரெண்டு பேரும் பாடுங்க. சத்தியமா நாங்க சொல்றோம், எது அசல், எது நகல்னு!”

கடைக்காரப் பெண் பாடினாள். அப்படியே கேசட்! தேன்! பேருந்து முழுக்கக் கைதட்டல். “டிரைவரம்மா, இப்ப நீங்க!” என்றார்கள். என் மருமகள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தையல்காரர், “சரி, அப்போ தீர்ப்பு…” என்று இழுக்கிறார். அப்போது அவள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“உனக்கும் பல்லுல மை தடவினாங்களா?”

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. துணிப்பைகளைக் கீழே வைத்தாள்.

“…கசக்கும்ல?”

“கசக்கும்.”

“பிஸ்கட் தரமாட்டாங்க.”

“தண்ணிகூடத் தரமாட்டாங்க.”

“எனக்கு எட்டாவது பொறந்தநாள் நாலு தடவை வந்துச்சு,” என்றாள் அவள்.

“எனக்கு ஒம்பதாவது மூணு தடவை!” என்றாள் என் மருமகள்.

அவ்வளவுதான்! சிரித்தார்கள் பாருங்கள் இருவரும்! கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் சரிந்து, மூச்சு முட்டச் சிரித்தார்கள். சிரிப்பு எப்போது அழுகையாய் மாறியது என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தெரியவில்லை.

“தினம் உன் கேசட்டைப் போட்டு, ‘இவளை மாதிரி பாடு, இவளை மாதிரி பாடு’ன்னு திட்டுவாங்க. உன்னை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா? நீ திமிர் புடிச்சு ஓடிட்டேன்னு சொன்னாங்க.”

“நான் ஓடல. என் குரல் உடைஞ்சுபோச்சு.”

“எனக்கு உடையல. உயரமாயிட்டேன். மூணாவதா ஒருத்தியைக் கொண்டாந்துட்டாங்க.”

“நீ என் பேரைத் திருடிட்டேன்னு இத்தனை வருஷம் நெனச்சேன்.”

“எனக்கே இரவல்தானே அது!”

தையல்காரர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். “தீர்ப்பு என்னன்னா, தீர்ப்பே கிடையாது. ரெண்டும் அசல்!” இப்படி ஒரு நீதிபதியை எந்த நீதிமன்றத்தில் தேடுவது?

ரயில் போய்விட்டது. கேட் திறந்துவிட்டது. பின்னால் வண்டிகளெல்லாம் ஊதித் தள்ளுகின்றன. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்தாள். நான் இரண்டு விசில் அடித்தேன். பேருந்து தண்டவாளத்தைத் தாண்டியது. தாண்டியதும், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல், அவள் பாடத் தொடங்கினாள்!

எந்தக் குரலில்? கேசட்டில் கேட்ட குரலிலா? இல்லை! கனத்த குரல். அடித்தொண்டையிலிருந்து எழுந்து வந்த, பெரிய பெண்ணின் குரல். ‘நிலாவு’ என்று அன்று ஏற முடியாமல் போன உயரத்துக்கு அவள் ஏறவில்லை. நிலவைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள்! அந்தக் கடைக்காரப் பெண் மேலே பிடித்தாள், இவள் கீழே தாங்கினாள். ‘சட்டைப் பையில் ஜன்னலு’ என்ற பொருளற்ற வரிக்கு அன்றுதான் எனக்கு ஏதோ பொருள் புரிந்தது. என்னவென்று கேட்காதீர்கள், சொல்லத் தெரியவில்லை! விசில் அடிக்க மறந்தேன். நிறுத்தங்கள் போயின. ஒருவர் மட்டும், “ஐயோ, என் ஸ்டாப் போச்சு” என்று எழுந்தார். எழுந்தவர், “போகட்டும், போ” என்று அவரே உட்கார்ந்துவிட்டார்!

என்ன மேலாளர் அவர்களே, இப்படிப் பார்க்கிறீர்கள்? அன்று வண்டி தாமதமாக வந்ததற்கு ‘ரயில்வே கேட்’ என்று காரணம் சொன்னோம். பொய் இல்லையே!

வீட்டுக்கு வந்தோம். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவளும் நானும். எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு! பேச்சு! வரவில்லை! அவள்தான் பேசினாள்.

“அத்தை, நீங்க பாடுறது எனக்குப் பிடிக்காம இல்ல. நீங்க தொடங்கினதும் நான் அந்தக் கிரவுண்டுல வாயை மூடிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். உங்ககிட்ட சொல்லவும் வெக்கம். உங்களுக்குக் குட்டி மின்னலைத்தானே பிடிக்கும்? இந்த வளந்து நிக்கிறவளைப் பாத்து ஏமாந்து போவீங்களோன்னு பயம்.”

“அடிப் பைத்தியமே!” என்றேன். “குட்டி மின்னலா எனக்குச் சட்டினி அரைச்சுக் குடுத்தா? எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவளா ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா? அவ வெறும் கேசட்டு. நீதாண்டி என் பொண்ணு.”

அவ்வளவுதான் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை சாமான் வண்டி வந்தது. என் மகன் வாசலில் போய் நின்று, “வேண்டாம்ணே, ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க” என்றான். வண்டிக்காரர் நம்பவில்லை. மாமியாரும் மருமகளும் ராசியானார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்!

அதன்பிறகு ஓய்ந்த நேரமெல்லாம் அந்த இரு பெண்களும் நம் பணிமனையின் பின்பக்கம், டயர் அடுக்கிய கொட்டகையில், பாடிப் பழகினார்கள். புதுப் பாட்டுகள், அவர்களே எழுதியவை. குழுவுக்குப் பெயர் வேண்டுமே? பழைய பெயர் அவர்களுடையதல்ல, அது இனி வேண்டவும் வேண்டாம். நம் டைம் கீப்பர் அண்ணன்தான், வருகிற வண்டி போகிற வண்டியைக் குறித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். “மின்னல் வந்து ரொம்ப நாளாச்சு. அடுத்து வர்றது இடிதானே? ‘பெரிய இடி’ன்னு வைங்க.” வைத்தோம்! இன்று இந்த மேடையில் முதன்முதலாகப் பாடப்போவது பெரிய இடி!

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. மேலாளர் அவர்களே, நான் தொடங்கவே இல்லையே! சரி, வந்த காரியத்தைச் சொல்கிறேன்.

சற்று முன்பு மேடைக்குப் பின்னால், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு இடையில், என் மருமகள் உட்கார்ந்திருந்தாள். காக்கிச் சட்டையோடுதான் பாடுவேன் என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். தோழி அவள் தோளில் கை போட்டிருக்கிறாள். இத்தனை பெரிய வண்டியை இத்தனை நெரிசலில் ஓட்டுகிற அந்தக் கை, கைக்குட்டையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டிருந்தது.

“அத்தை, மேல போறப்போ திரும்பவும் குரல் உடைஞ்சுட்டா?” என்று கேட்டாள்.

நான் சொன்னேன். “உடைஞ்சா உடையட்டும்மா. கீழ விழுறதைப் பொறுக்கி உன் கையில குடுக்க நாங்க இத்தனை பேர் இருக்கோம்.”

“நிஜமாவா? எல்லாருமா?” என்றாள்.

“இரு, கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்று வந்தேன். அதைக் கேட்கத்தான் மேடை ஏறினேன், பெருமக்களே! அந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்!

சொல்லுங்கள்! ஒருநாள் ஒரு மைதானம் சிரித்தது. இன்று இந்த மண்டபம் என்ன செய்யும்? குரல் தடுமாறினால் தாங்குவீர்களா? தாளம் தவறினால் தட்டிக் கொடுப்பீர்களா? உச்சியில் உடைந்து ஒவ்வொரு துண்டாய் உதிர்ந்தால், ஓட்டுநர்களே, நடத்துனர்களே, தாய்மார்களே, பின்வரிசைப் பெருமக்களே, ஒன்று விடாமல் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைப்பீர்களா?

கேட்கவில்லையே!

இன்னும் கொஞ்சம்! எதிர்ச் சுவர் அதிரட்டும்!

ஆ! அது! அது!

நாற்காலிகளுக்குப் பின்னால் உனக்குக் கேட்டதாம்மா? எல்லாரும்தான்! ஒருத்தர் பாக்கி இல்லை! வா, கண்ணைத் துடைத்துக்கொண்டு வா, உன் தோழியையும் கைப்பிடித்துக் கூட்டி வா!

என் நீளமான பேச்சைப் பொறுத்த தலைவருக்கும், என்னைவிடச் சத்தமாய்ப் பதில் சொன்ன உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நான் இறங்கிப் போய், ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்காரவேண்டும். வணக்கம்!